அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்குத் தரும் 'அவசரக் கடன்' என்பது என்ன?

சுருக்கமாகச் சொன்னால், பல்கலைக்கழகமே தரும் கைமாத்து. மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் ஆயிரம் ரூபாய் வாங்கி, சம்பளம் வந்ததும் கொடுத்துவிடுகிறோம் இல்லையா, அதே கணக்குதான். பெரும்பாலும் சில நூறு டாலர் கிடைக்கும். ஓரிரு மாதத்தில் திருப்ப வேண்டும். வட்டி இருக்காது, அல்லது மிகக் குறைவு.

இது எதற்கு? பலருக்குப் பிரச்சினை பணம் இல்லாதது அல்ல, தாமதமாக வருவது. அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடனை, வகுப்பு தொடங்க 10 நாள் இருக்கும்போதுதான் விடுவிக்கவே முடியும். முதன்முதலாகக் கடன் வாங்கும் முதலாண்டு மாணவர் பல கல்லூரிகளில் வகுப்பு தொடங்கி 30 நாள் காத்திருக்க வேண்டும். கட்டணம் போக மிஞ்சியதைக் கையில் கொடுக்கக் கல்லூரிக்கு 14 நாள் அவகாசம் வேறு. வீட்டுக்காரர் அதுவரை பொறுப்பாரா? 1ஆம் தேதி வாடகை, அட்வான்ஸ், அப்புறம் பாத்திரம், மெத்தை. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் ஒருவேளைச் சாப்பாட்டை விடுகிறார்கள். சிலர் 'பேடே லோன்' கடையில், அதாவது அடுத்த சம்பள நாள்வரை அதிக வட்டிக்குச் சிறு கடன் தரும் கடையில், போய் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே 100 டாலருக்கு இரண்டே வாரத்தில் 15 டாலர் என்பது சாதாரணம். ஆண்டுக் கணக்கில் அது கிட்டத்தட்ட 400 சதவீதம். அந்தப் பக்கம் போவதற்கு முன் நிதியுதவி அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள்.

நம்மூரிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு அந்த அமெரிக்க அரசுக் கடன் கிடையாது. ஆனாலும் சில பல்கலைக்கழகங்கள் இந்தக் கைமாத்தை அவர்களுக்கும் தருகின்றன.

பலர் இதை இலவச உதவித்தொகை என்று நினைத்துவிடுகிறார்கள். அது வேறு, இதைத் தவணைக்குள் கட்டாவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்வதையே பல இடங்களில் நிறுத்திவைப்பார்கள்.