பிளஸ் டூ படிக்கும் தம்பி சிகரெட்டை விடுவானா, மாட்டானா என்பது அவன் குணத்தைப் பொறுத்ததா?

"அவன் குணமே அப்படி, விடவே மாட்டான்" என்று அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இதே பேச்சைப் பல பெற்றோர் வாயால் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து தம்பி காதுபட அப்படிச் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'நான் இப்படித்தான்' என்று பையனே நம்பிவிட்டால், விட்டுப் பார்க்கக்கூட மாட்டான்.

குணத்துக்குப் பங்கு உண்டு. எந்த நேரத்தில் கை சிகரெட்டைத் தேடுகிறது என்பதில்தான் அது தெரியும். கனடாவில் பணிபுரியும் உளவியலாளர் பேட்ரிசியா கான்ராட், போதைப் பழக்கத்தைத் தடுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குணம் பார்த்துப் பயிற்சி வகுத்தவர். புதிதாக எதையாவது செய்து பார்க்கத் துடிப்பவர், யோசிக்காமல் இறங்குபவர், எளிதில் பதறுபவர், நம்பிக்கை இழந்து சோர்ந்திருப்பவர் என்று நான்கு வகை.

என் மாணவர்களிடமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறேன். ஒருவன் டியூஷன் விட்டதும் கூட்டாளிகளோடு பெட்டிக்கடையில் நின்றால்தான் பிடிப்பான், தனியாக இருந்தால் நினைப்பே வராது. அவனுக்கு அந்த அரை மணி நேரத்தை வேறு எதிலாவது நிரப்ப வேண்டும். இன்னொருவன் மார்க் குறைந்த அன்றோ வீட்டில் சண்டை நடந்த அன்றோ மொட்டை மாடிக்குப் போவான். அவனிடம் புற்றுநோய்ப் படத்தைக் காட்டி மிரட்டினால் பதற்றம்தான் கூடும், பதற்றம் கூடினால் இன்னொன்றைப் பற்ற வைப்பான்.

ஆனால் விட முடியாமல் தவிக்க வைப்பது புகையிலையில் உள்ள நிகோடின் என்ற போதைப்பொருள். இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது, சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைகிறது, உடனே உடம்பு மறுபடி கேட்கிறது. தினமும் பிடிக்கத் தொடங்கும் முன்பே சில பிள்ளைகளுக்கு அடிமைத்தனத்தின் அறிகுறிகள் வந்துவிடுவதை அமெரிக்க மருத்துவர் ஜோசப் டிஃபிரான்சாவின் குழு 2000-ல் காட்டியது. 'எப்போதாவது ஒன்றுதானே' என்று விட்டுவிடாதீர்கள்.

நிறுத்திய முதல் 2, 3 நாள்தான் மிகக் கடுமை. எரிந்து விழுவான், தூங்க மாட்டான், புத்தகத்தில் மனம் நிற்காது. பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும். வீட்டில் பலரும் சறுக்குவது இங்கேதான். அந்த எரிச்சலைப் பார்த்து "திமிர் பிடித்தவன்" என்று திட்டுகிறார்கள், அவன் நேராகக் கடைக்குப் போகிறான். அந்த நாட்களில் வீடு அவனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பரீட்சை வாரத்தில் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

குணத்தின் மேல் பழி போடுவதால் லாபம் யாருக்கு என்பதையும் பாருங்கள். லண்டன் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க், புற்றுநோய்க்குச் சிகரெட்டைவிட மனிதரின் குணமே பெரிய காரணம் என்று வாதிட்டவர். அவருடைய ஆய்வுகளுக்குப் புகையிலை நிறுவனங்களின் பணம் வந்தது. 2019-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி நடத்திய விசாரணை, அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகளை நம்பத்தக்கவை அல்ல என்று சொல்லிவிட்டது.

18 வயது ஆகாதவருக்குச் சிகரெட் விற்பதை 2003-ஆம் ஆண்டு இந்தியப் புகையிலைச் சட்டம் தடுக்கிறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. ஆனாலும் உதிரியாக ஒன்று, இரண்டு என்று சீருடைப் பிள்ளைகளிடம் விற்கிறார்கள். முழுப் பாக்கெட் வாங்கக் காசில்லாத பிள்ளையை இந்த உதிரி விற்பனைதான் பழக்குகிறது. அந்தக் கடைக்காரரிடம் அப்பா ஒருமுறை கண்டிப்பாகப் பேசட்டும்.

நீங்கள் அண்ணனோ அக்காவோ, உங்களிடம்தான் அவன் உண்மையைச் சொல்வான். "ஏன்டா பிடிக்கிறே?" என்று ஆரம்பிக்காமல், "எப்போ ரொம்பத் தோணுது?" என்று கேளுங்கள். தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவனையே பேச விடுங்கள். சிகரெட்டை விட உதவும் நிகோடின் சூயிங்கத்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்கித் தராதீர்கள், அவன் வயதுக்கு அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.