பாசிசம் ரோமுக்கு வந்த வழி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலியைப் பற்றித் தாங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். முசோலினி 1922இல் ரோமை நோக்கிப் படைதிரட்டிச் சென்று ஆட்சியைக் கைப்பற்றினார் என்றே பள்ளியில் படித்திருக்கிறேன். 1919இல் வந்த விகிதாச்சாரப் பிரதிநிதித்துவத்தால் (கட்சிகளுக்கு வாக்கு விகிதப்படி இடங்கள் தரும் முறை) எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன, அதனால்தான் அவருக்கு வழி கிடைத்தது என்கிறார் என் நண்பர். தேர்தல் முறை வேறாக இருந்து நிலையான ஆட்சி அமைந்திருந்தால் அந்த ஜனநாயகம் பிழைத்திருக்குமா?

அன்புடன்,
ஆர்.எம்., திருச்சி

அன்புள்ள ஆர்.எம்.,

உங்கள் நண்பர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. 1919 நவம்பர் தேர்தலில் 508 இடங்களில் சோஷலிஸ்டுகள் 156 இடங்களையும், பாதிரியார் லூயிஜி ஸ்துர்ஸோ தொடங்கிய கத்தோலிக்க மக்கள் கட்சி 100 இடங்களையும் பெற்றன. இரண்டும் இணைந்திருந்தால் மயிரிழையில் பெரும்பான்மை இருந்தது. ருஷ்யாவைப் போன்ற புரட்சி நாளையோ மறுநாளோ வந்துவிடும் என்று நம்பிய சோஷலிஸ்டுகளுக்கும் திருச்சபையின் நிழலில் நின்றவர்களுக்கும் அது எண்ணிப் பார்க்கவும் முடியாத காரியம். ஆனால் இதே தேர்தலில்தான், மிலானில் நின்ற முசோலினியின் பட்டியலுக்கு ஐயாயிரம் வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை. பாசிஸ்டுகளுக்கு 1921இல் கிடைத்த 35 இடங்களோ, ஐந்து முறை பிரதமராக இருந்த ஜொலித்தி அவர்களைத் தன் தேசியக் கூட்டணியில் சேர்த்துக்கொண்டதால் வந்தவை. அவர்களைப் பழக்கிவிடலாம் என்று அந்த முதியவர் நினைத்தார்.

ஜனநாயகம் முதலில் விழுந்த இடம் ரோம் அல்ல, வடக்கே போ ஆற்றுச் சமவெளி என்பது என் கருத்து. அங்கே நிலமற்ற கூலி விவசாயிகளின் சங்கங்கள் பலமாக இருந்தன. யாரை வேலைக்கு எடுப்பது, இத்தனை நிலத்துக்கு இத்தனை ஆள் என்பதையெல்லாம் அவையே நிர்ணயித்தன. 1920 இலையுதிர்காலத்து உள்ளாட்சித் தேர்தலில் சோஷலிஸ்டுகள் நாடெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை வென்றபோது, நிலக்கிழார்கள் சட்டத்தின் மீதிருந்த நம்பிக்கையை விட்டுவிட்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 21 அன்று பொலோன்யாவில் புதிய நகரசபை பதவியேற்ற வேளையில் பாசிஸ்டுகள் தாக்கினர். துப்பாக்கிச் சூட்டிலும் சோஷலிஸ்டுக் காவலர்கள் பதற்றத்தில் எறிந்த குண்டுகளிலும் பலர் இறந்தனர். அதன்பின் லாரிகளில் இரவுகளில் பாசிஸ்டுகளின் கருப்புச் சட்டைக் குழுக்கள் வந்தன. அவை சங்கக் கட்டடங்களையும் கூட்டுறவுக் கடைகளையும் எரித்தன. சங்கத் தலைவர்களைத் தடியால் அடித்து, விளக்கெண்ணெயை வாயில் ஊற்றி ஊரார் முன் அவமானப்படுத்தின. தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபைகளைப் பதவி விலகச் செய்தன. ஃபெர்ராராவில் இத்தாலோ பால்போ, கிரெமோனாவில் ஃபாரினாச்சி என்ற பாசிஸ்டுத் தலைவர்கள் கிட்டத்தட்டக் குறுநில மன்னர்களாக இருந்தனர்.

அரசிடம் பலம் இல்லாததால் இது நடந்தது என்று சொல்ல முடியாது. 1921 ஜூலையில் சார்ஸானா என்ற சிற்றூரில், சுமார் ஐந்நூறு பாசிஸ்டுகளின் முன்னே நின்ற ஒரு சிறு காவல் பிரிவு சுட்டபோது அவர்கள் சிதறி ஓடினார்கள். பொலோன்யாவின் மாவட்ட ஆட்சியராயிருந்த சேசரே மோரி இரு தரப்புக்கும் ஒரே சட்டம் என்று நடந்துகொண்டார். 1922இல் ஆயிரக்கணக்கான கருப்புச் சட்டையினர் நகரை முற்றுகையிட்டு அவரை மாற்றக் கோரியபோது, அரசு அவரைத் தெற்கே பாரிக்கு அனுப்பிவிட்டது. சட்டத்தைக் காத்த அதிகாரியைத் தண்டிக்கும் அரசின்கீழ் மற்ற அதிகாரிகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? (இதே மோரியைப் பிற்காலத்தில் சிசிலியில் மாஃபியாவை ஒடுக்க அனுப்பியவர் முசோலினிதான்.) மிதவாத சோஷலிஸ்டுத் தலைவர் துராத்தி அரசரைச் சந்தித்துக் கூட்டணி ஆட்சி பற்றிப் பேசியது 1922 ஜூலை இறுதியில், அதற்குள் காலம் கடந்திருந்தது, அவரையும் சொந்தக் கட்சியே அக்டோபரில் வெளியேற்றியது.

எனவே அந்த அக்டோபரில் நடந்ததைக் 'கைப்பற்றல்' என்று பாடநூல் சொல்வது பாசிஸ்டுகளே பின்னாளில் பரப்பிய கதையை ஏற்பதாகும். மழையில் நனைந்து ரோமுக்கு வெளியே நின்ற அந்தக் கூட்டத்தை இராணுவத்தால் கலைத்திருக்க முடியும். பிரதமர் ஃபக்தா இராணுவச் சட்டத்துக்கான ஆணையைத் தயாரித்தார். அக்டோபர் 28 காலையில் அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அதில் கையெழுத்திட மறுத்தார். உள்நாட்டுப் போரை அஞ்சினாரா, படையின் விசுவாசத்தை ஐயுற்றாரா, ஒன்றுவிட்ட சகோதரர் அரியணைக்குக் குறிவைத்திருப்பதாக நினைத்தாரா என்று இன்றும் விவாதம் உண்டு. முசோலினி மிலானிலிருந்து இரவு ரயிலில் வந்து 31ஆம் தேதி பதவியேற்றார். பாசிஸ்டுகள் சிறுபான்மையாக இருந்த அந்த அமைச்சரவைக்கு நாடாளுமன்றம் 116க்கு எதிராக 306 வாக்குகளில் நம்பிக்கை தெரிவித்தது. அந்த 306 பேரில் மிகப் பெரும்பாலோர் பாசிஸ்டுகள் அல்லர்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் கேட்கும் அந்த நிலையான பெரும்பான்மையை இத்தாலி சட்டம் போட்டே ஏற்படுத்திக்கொண்டது. 1923இன் அசெர்போ சட்டப்படி, கால் பங்கு வாக்குகளைத் தாண்டி முதலிடம் பெறும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். ஆயுதமேந்திய கருப்புச் சட்டையினர் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருக்க, பழைய தாராளவாதிகளும் உங்கள் நண்பரின் வாதத்தையே சொல்லி அதை ஆதரித்தார்கள். 1924 ஏப்ரல் தேர்தல் அச்சுறுத்தலால் நடந்தது என்று மே 30 அன்று அவையில் விவரித்த சோஷலிஸ்டு உறுப்பினர் மத்தெயோத்தி, ஜூன் 10 அன்று கடத்திக் கொல்லப்பட்டார். போ சமவெளியைச் சேர்ந்த அவர், அங்கு நடந்த வன்முறையை 1921லேயே அவையில் எழுப்பியவர். எதிர்க்கட்சியினர் அவையை விட்டு வெளியேறி, அரசர் தலையிடுவார் என்று மாதக்கணக்கில் காத்திருந்தனர். அவர் அசையவில்லை. 1925 ஜனவரி 3 அன்று, நடந்தவை அனைத்துக்கும் தானே பொறுப்பு என்று முசோலினி அவையிலேயே அறிவித்தார். 1926 நவம்பருக்குள் எதிர்க்கட்சிகள் கலைக்கப்பட்டு, அவற்றின் உறுப்பினர்கள் பதவி இழந்தனர்.

இவ்வளவுக்கும் 1848இன் அரசியலமைப்பு முறைப்படி நீக்கப்படவே இல்லை. சாதாரணச் சட்டத்தாலேயே அதை மாற்றிக்கொள்ள முடிந்ததால், தேவைப்பட்டது அவையில் ஒரு பெரும்பான்மை மட்டுமே. அதை அசெர்போ சட்டம் ஏற்கெனவே கொடுத்திருந்தது.