சாவிக் கொத்து என்னிடம்தான் இருந்தது

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர், நாகர்கோவிலில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

கேள்வி: அம்மா, வணக்கம். பிளஸ் டூவில் கணக்கில் 96, இயற்பியலிலும் வேதியியலிலும் 72. பொறியியல் கட்-ஆஃப் 168 வருகிறது. நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்துச் சேர்ந்துவிட்டேன். பொறியியல் கலந்தாய்வு இனிமேல்தான். கோயம்புத்தூரில் இருக்கும் மாமா, 'எந்தக் கல்லூரியானாலும் சரி, கம்ப்யூட்டர் சயன்ஸ் எடு' என்கிறார். கணக்கு டீச்சர் கணக்கை விட வேண்டாம் என்கிறார். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவன். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில் படித்தேன். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், குலசேகரம் பக்கம்

பதில்: மக்களே, உன் கடிதம் இரண்டு பக்கம். அதில் கணக்கு டீச்சர் நான்கு இடங்களில் வருகிறார். மாமா ஒரே இடத்தில். கம்ப்யூட்டர் சயன்ஸில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. உன் மனம் கணக்கில்தான் இருக்கிறது. உன் மதிப்பெண்ணும் அதையேதான் சொல்கிறது.

முதலில், கட்டணம் கட்டிய ரசீதை எடுத்துப் பார். நீ சேர்ந்திருப்பது உதவி பெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா? நம் மாவட்டத்துக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்தில் இரண்டும் நடக்கும். பாடம் ஒன்றுதான், கட்டணம் ஒன்றல்ல. இது தெரியாமல் சேர்த்துவிட்டு இரண்டாம் பருவத்தில் என் மேசை முன்னால் வந்து நின்ற அப்பாக்கள் எத்தனையோ பேர்.

அடுத்து, பள்ளி விவகாரம். நம் ஊரில் இதைக் குழப்பிக்கொள்ளாத வீடே இல்லை. அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, உனக்குக் கிடையாது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2024-ல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் நீட்டித்தார்கள். நீ பி.எஸ்சி. படித்தாலும் பி.இ. படித்தாலும் அது உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள். அண்ணன் பட்டம் பெறாததால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பி. கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரிக்குப் போனாலும் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் கிடைக்காது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எப்படியும் கிடைக்காது.

இந்த விடுதிச் செலவைத்தான் மாமா மறந்துவிட்டார். ஜூனில் மழை பிடித்தால் உன் அப்பாவுக்குப் பால்வெட்டு எத்தனை நாள் நடக்கும்? பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது எத்தனை நாள்? கட்டணம் கேட்டு நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்கு ரப்பர் மரத்தின் கணக்கு தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. திற்பரப்பிலிருந்து வந்த ஒருவர், "மழை விடட்டும் மேடம், கட்டிவிடுகிறேன்" என்றபோது சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இனி கலந்தாய்வு. விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பெரும்பாலானோர் செய்யும் தவறு, 'இது எனக்குக் கிடைக்காது' என்று ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே தள்ளிவிடுவது. பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உன் முறை வரும்போது காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் தருவார்கள். கிடைக்காததை மேலே எழுதியதால் கீழே உள்ளது கைநழுவாது. ஆகவே உண்மையான ஆசையின் வரிசையில் எழுது. போன ஆண்டு உன் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் எந்தக் கட்-ஆஃப் வரை இடம் போனது என்ற பட்டியலைப் பார்; நிலவரம் தெரிந்துகொள்ள மட்டும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுக்கொள்கிறேன் என்றோ, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன் என்றோ சொல்லலாம். இரண்டாவதைச் சொல்லி மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். அதனால் மாமாவின் மனம் நோகக்கூடாது என்று ஒரு கோயம்புத்தூர் கல்லூரியை மேலே எழுதி வைக்காதே. அது கிடைத்தும்விடும்.

நானாக இருந்தால் நாகர்கோவில் கோணத்தில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியை முதலில் எழுதுவேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி அது. வீட்டிலிருந்தே போய் வரலாம். அதற்குக் கீழே, நீ நேரில் போய்ப் பார்த்த இரண்டு மூன்று கல்லூரிகள். அதோடு நிறுத்திவிடுவேன். எதுவும் வராவிட்டால் கணிதம் இருக்கிறது. மாமா சொல்லும் கம்ப்யூட்டருக்கு அங்கிருந்தும் வழி உண்டு: பி.எஸ்சி. முடித்து எம்.சி.ஏ. போகலாம். அது இப்போது இரண்டே ஆண்டுதான்.

கல்லூரியைப் பார்க்கப் போவதென்றால் அவர்களே அழைத்துச் சுற்றிக் காட்டும் நாள், விழா நாள் வேண்டாம். சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு வாசலில் போய் நில். வெளியே வரும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேள்: ஆய்வகத்தில் கருவியைத் தொட விடுகிறார்களா, பாதியில் எத்தனை ஆசிரியர்கள் போய்விட்டார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். அவசரமாகக் கிளம்பும்போது யாருக்கும் பொய் வராது.

கடைசியாக, இங்கிருந்து மாறினால் சான்றிதழ் கிடைக்குமா என்று பின்குறிப்பில் பயந்திருக்கிறாய். ஒரு காலத்தில் நாங்களும் அசல் சான்றிதழ்களை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சாவிக் கொத்து என்னிடம்தான் இருந்தது. பாதியில் போகிற பிள்ளையிடம் மீதிக் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் போ என்று சொல்லச் சொல்வார்கள், நானும் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்துவிட்டது. பணிவாகக் கேள். கொடுக்கவில்லை என்றால் எழுத்தில் கேள். அந்த மேசையின் பின்னால் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன்: எழுத்தில் வந்த கடிதத்துக்கு நாங்கள் பயந்தோம்.

கேள்வி: வீடு களியக்காவிளை. மகன் எட்டாம் வகுப்பு முதல் எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில் படித்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க முடியாது என்கிறார்களே?
– ஒரு தந்தை

பதில்: யார் சொன்னார்கள் அண்ணாச்சி? எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் பிறப்பிடச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். உங்கள் மகனிடம் கேட்பார்கள், அவ்வளவுதான். இ-சேவை மையத்தில் கேட்கும்போது குடியிருப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம் படித்த பிள்ளை என்பதால் கிராம நிர்வாக அலுவலர் நாலு கேள்வி கூடக் கேட்பார். உங்கள் பள்ளிச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் கையில் வைத்திருங்கள். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: நானும் என் நண்பனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் பி.காம். சேர்கிறான். எனக்கு விலங்கியல் பிடிக்கும். அவனுக்காக நானும் பி.காம். எடுக்கலாமா?
– குளச்சல் மாணவர்

பதில்: உன் கணக்குப்பதிவியல் தேர்வையும் அவனே எழுதித் தருவானா என்று கேட்டுப் பார். மாட்டேன் என்றால் விலங்கியலில் சேர். இரண்டு பேரும் ஒரே கல்லூரிதானே? காலையில் குளச்சல் பஸ்ஸில் அவனுக்கும் ஓர் இடம் பிடித்து வை.