பசுமைக்குடில் கூரையில் பனி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கூரையில் ஓர் அடிப் பனி வரை விட்டுவைக்கலாம் என்கிறார்களே, சரியா?

அடிக்கணக்கை நம்பாதீர்கள். பார்க்க வேண்டியது எடையை. இப்போதுதான் விழுந்த பஞ்சு போன்ற பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். ஈரம் ஏறிய பனியோ 300 கிலோவைத் தாண்டிவிடும். 2 மீட்டருக்கு 3 மீட்டர் கூரை, மேலே 30 சென்டிமீட்டர் பனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுப் பனி என்றால் அதிகம் போனால் 180 கிலோ. அதே உயரத்துக்கு ஈரப்பனி என்றால் 540 கிலோ! ஏழெட்டுப் பேரைக் கூரையில் ஏற்றி உட்கார வைத்த மாதிரி.

எது எந்தப் பனி என்று கண்டுபிடிக்கத் தராசு வேண்டாம். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். உதிர்ந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். கெட்டி உருண்டையாகி விரலிடுக்கில் நீர் கசிந்தால் உடனே வேலையைத் தொடங்குங்கள். பனி நின்ற பிறகு மழை வந்தால் இன்னும் மோசம், விழுகிற தண்ணீரைப் பனி குடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். நானாக இருந்தால் எந்தப் பனியையும் அரைச் சாணுக்கு மேல் சேரவிட மாட்டேன். உங்கள் குடில் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ தாங்கும் என்பது அதோடு வந்த தாளில் இருக்கலாம். தேடிப் பாருங்கள்.

எதை வைத்துத் தள்ளுவது?

நீளக் கைப்பிடியும் மென்மையான முடியும் உள்ள துடைப்பம். இரும்பு மண்வெட்டி பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக் தகட்டைக் கீறிவிடும், கண்ணாடியை உடைத்தேவிடும். பாலித்தீன் தாள் போட்ட குடில் என்றால், துடைப்பத்தின் தலையில் துணி சுற்றி உள்ளேயிருந்து மெதுவாக மேலே தட்டினால் பனி தானாகச் சரியும். ஆனால் கூரை ஏற்கெனவே தொய்ந்திருந்தாலோ சட்டம் கிறீச்சிட்டாலோ உள்ளே கால் வைக்காதீர்கள்.

ஒரு பக்கத்தை முழுக்கத் துடைத்துவிட்டு மறுபக்கம் போவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. எடை ஒருபக்கமாகச் சாய்ந்து சட்டம் முறுக்கிக்கொள்ளும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாறி மாறித் தள்ளுங்கள். சரிந்த பனி சுவரோரம் குவிந்தால் அதையும் அள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த பனி சரிய இடமில்லாமல் கூரையிலேயே தங்கும், குவியலும் பக்கச் சுவரை உள்ளே அழுத்தும். கடைசியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பனிக்கட்டியைச் சுரண்டாதீர்கள். வெந்நீர் ஊற்றவே கூடாது. ஒருமுறை அவசரத்தில் ஒரு கெண்டி ஊற்றினேன், 'டப்' என்ற ஒரு சத்தத்தோடு கண்ணாடி குறுக்கே பிளந்தது.

முட்டுக் கொடுத்தால் பயன் உண்டா?

உண்டு, பனி விழும் முன்பே கொடுத்தால். முகட்டுச் சட்டத்துக்கு நேர் கீழே கட்டை நிறுத்துங்கள். கட்டையின் தலையிலும் காலடியிலும் பலகைத் துண்டு வையுங்கள். இல்லையென்றால் கட்டை மண்ணுக்குள் இறங்கிவிடும்.

உள்ளே மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்தால் பனி உருகி வழிந்துவிடுமா?

ஒற்றைக் கண்ணாடிக் கூரையில் பனி தொடங்கும்போதே வெப்பம் இருந்தால் அடியடுக்கு இளகிச் சரியும். நடுவே காற்று இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகட்டில் அவ்வளவு வெப்பம் வெளியே வராது. அரை மீட்டர் சேர்ந்த பிறகு பற்றவைத்தால் அடிப்பனி ஈரமாவதோடு சரி.

இன்னொன்று: 1 லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே சேரும். இலையில் சாம்பல் பூஞ்சை பிடிக்க அது போதும். காற்றுத் திறப்பைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடும் சேரும், அது ஆளையே கொல்லும். மின்வசதி இருந்தால், ஈரம் தாங்கும்படி செய்த மின்விசிறி ஹீட்டர்தான் என் தேர்வு.

தண்ணீர் பீப்பாய் வைத்தால் குளிர் தாங்கும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. 200 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு இறங்கும்போது விடும் வெப்பம், 1 கிலோவாட் ஹீட்டர் ஏறத்தாழ 2 மணி நேரம் ஓடியதற்குச் சமம். விடிய விடியப் போதாது. செடிகளை நடுவில் நெருக்கி வைத்து மெல்லிய துணியால் போர்த்துவதும் சேர்ந்தால்தான் பலன்.

மூன்று நாளாகக் கூரை மூடிக் கிடக்கிறது. வெளிச்சமில்லாமல் செடி செத்துவிடுமா?

குளிரில் ஓய்வெடுக்கும் செடிக்குச் சில நாள் இருட்டு பெரிதல்ல. தண்ணீரைக் குறையுங்கள்.

கூரை உடைந்து செடிகள் உறைந்துவிட்டன. வெட்டி எறியலாமா?

பொறுங்கள். கண்ணாடித் துண்டுகளை அகற்றிய பிறகு, தொட்டிகளை உறைநிலைக்குச் சற்று மேலான, வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். அடுப்பருகே வேண்டாம், மெல்ல இளகட்டும். கறுத்துத் தொங்கும் இலைகளைப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுக்காதீர்கள். வசந்தத்தில் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்த இடம் வரை உயிர் இருக்கிறது. அதற்கு மேல் உள்ளதை மட்டும் வெட்டுங்கள்.