ஷாக் அப்சார்பரை எந்த நம்பரில் வைப்பது?

கேள்வி: என் பைக்கில் பின்னால் மோனோஷாக் (ஒற்றை ஷாக் அப்சார்பர்), அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோட் ஏழு படி. வார நாட்களில் தனியாக ஓட்டுகிறேன், விடுமுறை நாட்களில் மனைவியும் ஒரு கனமான பையும் சேர்ந்துகொள்ளும். இருவராகப் போகும்போது வளைவில் வண்டி திரும்ப மறுத்து வெளிப்பக்கமாகவே போகிறது. நண்பர் சொன்னதால் ஏழாவது படியில் வைத்தேன். இப்போது தனியாகப் போனால் சின்னக் குழிக்கே பின்சக்கரம் குதிக்கிறது. எந்த நம்பர் சரி? முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இப்படி மாற்றியமைக்கும் திருகு எதுவும் இல்லை.

பதில்: உங்களுக்கு ஒரு நம்பர் போதாது, இரண்டு வேண்டும். தனியாகப் போக ஒன்று, இருவராகப் போக ஒன்று. இரண்டையும் ஒரு அளவு டேப் வைத்து நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்பிரிங்கின் கடினத்தைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன், சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 10 கிலோ கேட்கும் ஸ்பிரிங், எந்தப் படியில் வைத்தாலும் அதே 10 கிலோதான் கேட்கும். ப்ரீலோட் மாற்றுவது வண்டி எந்த உயரத்தில் உட்காருகிறது என்பதை மட்டும்.

அப்படியானால் ஏழாவது படியில் ஏன் குதிக்கிறது? சக்கரம் மேட்டில் ஏறினால் மட்டும் போதாது, பள்ளம் வரும்போது கீழே இறங்கவும் வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் கொஞ்சம் அமுங்கியிருந்தால்தான் கீழே இறங்க அதற்கு இடம் இருக்கும். ஏழாவது படியில், ஒருவர் எடைக்கு அது அமுங்குவதே மிகக் குறைவு. குழி வந்ததும் சக்கரம் இறங்க வழியில்லாமல் தரையை விட்டுவிடுகிறது. தரையைத் தொடாத டயருக்குப் பிடிமானம் கிடையாது. வளைவில் அது ஆபத்து, அதனால் தனியாகப் போகும்போது இந்தப் படியில் ஓட்டாதீர்கள்.

இருவராகப் போகும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். பின்பக்கம் மிகவும் தாழ்கிறது, முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது, ஃபோர்க்கின் சாய்வு அதிகமாகிறது. சாய்வு கூடினால் ஹேண்டில் மந்தமாகும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் சாலையை விட்டு எதிரே வருபவரின் கண்ணுக்குப் போனால், காரணம் பெரும்பாலும் இந்தத் தாழ்வுதான்.

சரி, அளப்போம். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்த்து, கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். இருவராகப் போக அதில் தனி அளவு இருக்கும். காற்று குறைந்த டயரும் வளைவில் இதே மந்தத்தைக் கொடுக்கும் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். பிறகு ப்ரீலோடைக் கையேடு சொல்லும் தொடக்கப் படிக்குக் கொண்டுவாருங்கள்.

பின்சக்கர ஆக்ஸிலுக்கு நேர் மேலே, வண்டியின் வால் பகுதியில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரம் தரையைத் தொடாத நிலையில் ஆக்ஸிலிலிருந்து அந்த அடையாளம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வண்டியை இரு சக்கரத்திலும் நேராக நிறுத்தி, யாரும் ஏறாமல் ஒரு முறை. மூன்றாவதாக, நீங்கள் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி, கால் இரண்டையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து, முன்னால் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அளக்க வேண்டும். சீல்களின் உராய்வால் ஷாக் ஒரே இடத்தில் நிற்காது. அதனால் ஒரு முறை அமுக்கி மெதுவாக விட்டும், ஒரு முறை தூக்கி மெதுவாக விட்டும் அளந்து சராசரி எடுங்கள்.

உதாரணமாக 560, 548, 524 மில்லிமீட்டர் வந்தால், வண்டி தன் எடைக்கு 12, உங்களோடு சேர்த்து 36 மில்லிமீட்டர் உட்காருகிறது. மெக்கானிக்குகள் 'சாக்' (sag) என்று சொல்வது இதைத்தான். சாலையில் ஓட்டும் பைக்குக்கு, ஆள் ஏறிய பின் உட்காருவது சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. மொத்தம் 120 மில்லிமீட்டர் என்றால் 30 முதல் 40. அதைவிடக் கூடுதலாக உட்கார்ந்தால் ஒரு படி ஏற்றுங்கள், குறைவாக இருந்தால் ஒரு படி இறக்குங்கள், மறுபடி அளந்து பாருங்கள்.

அப்புறம் மனைவியையும் பையையும் ஏற்றி இதே அளவு வரும்வரை செய்யுங்கள். ஏழாவது படியிலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி உட்கார்ந்தால், உங்கள் சுமைக்கு அந்த ஸ்பிரிங் மென்மையானது. ப்ரீலோடால் அதைச் சரிசெய்ய முடியாது. கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டும், இல்லையென்றால் சுமையைக் குறைக்க வேண்டும். குறைந்தபட்சம் அந்தப் பையை வண்டியின் கடைசியில் கட்டாமல், முடிந்தவரை முன்னால், தாழ்வாகக் கொண்டுவாருங்கள். உங்கள் மனைவி ஏறக்குறைய பின்சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறார். ஒவ்வொரு குழியின் அடியையும் உங்களுக்கு முன் அவர் முதுகுதான் வாங்குகிறது. அதனால் அவரைக் கேட்காமல் இருவருக்கான படியை முடிவு செய்யாதீர்கள்.

ஷாக்கில் உள்ள ப்ரீலோட் வளையத்தைத் திருப்ப, வண்டியோடு வந்த சி-ஸ்பேனரை மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினால் வளையத்தின் பல் உடைந்துபோகும். பின்சக்கரம் தூக்கியிருந்தால் வளையம் லேசாகத் திரும்பும். ஷாக்கை ஒருபோதும் பிரிக்காதீர்கள், பல மோனோஷாக்குகளுக்குள் நைட்ரஜன் அதிக அழுத்தத்தில் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் வண்டி ஊஞ்சலாடினால் ப்ரீலோடைத் தொடாதீர்கள், அது டாம்பிங் பிரச்சினை, அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஷாக் அடக்குவதில் உள்ள கோளாறு. சீட்டை அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் நன்று. இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே இருக்கும் எண்ணெய் தேய்ந்துவிட்டது, ஷாக்கை மாற்ற வேண்டிய நேரம். அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகு உள்ள பைக் வைத்திருப்பவர்கள், முதலில் அதை மென்மையாக மூடும்வரை திருப்பி எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிவைத்துவிட்டு, பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அங்கிருந்து ஒன்றிரண்டு கிளிக்தான் மாற்ற வேண்டும். அளவுக்கு மீறி மூடினால், அடுத்தடுத்த குழிகளில் ஷாக் எழ நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போய், கடைசியில் கல் மாதிரி ஆகிவிடும்.

முன் ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் டையை உள்குழாயைச் சுற்றி, டஸ்ட் சீலை (தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒட்டிக் கட்டுங்கள். வழக்கமான சாலையில் இரண்டு மூன்று முறை நன்றாக பிரேக் போட்டுவிட்டு வந்து பாருங்கள், டை நகர்ந்து நிற்கும் இடம்தான் ஃபோர்க் அமுங்கிய அளவு. ஃபோர்க் முழுவதும் அமுங்கி அடிக்கிறது என்றால் எண்ணெயின் அளவையும் பழமையையும் பார்க்கச் சொல்லுங்கள். குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது, முதலில் அதை மாற்றுங்கள்.

படி மாற்றியதும் செயின் தொய்வையும் ஹெட்லைட் உயரத்தையும் பார்க்க மறக்காதீர்கள், பின்பக்க உயரம் மாறினால் இரண்டும் மாறும். பிறகு நன்கு தெரிந்த ஒரே வளைவில், ஒரே வேகத்தில், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து ஓட்டிப் பாருங்கள். இருவரோடும் அளவு சரியாக வந்தும் வண்டி திரும்ப மறுத்தால், பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படித் தேய்ந்த டயர் சாய மறுக்கும். அப்போது தேவைப்படுவது புது டயர்.