மக்கள் தொடர்புப் பணி: சில கேள்விகள், சில பதில்கள்

(தனியார் மருத்துவமனை ஒன்றின் மக்கள் தொடர்பு அலுவலர் பதிலளிக்கிறார்.)

கேள்வி (கல்லூரி அலுவலர்): எங்கள் விழாக்களைப் பற்றிய செய்திக்குறிப்புகளை நாளிதழ்கள் வெளியிடுவதேயில்லை. என்ன காரணம்?

பதில்: தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி கூறியவர் என்று பெயர்களை அடுக்கிவிட்டு, நடந்தது என்ன என்பதைக் கடைசிப் பத்தியில் வைத்தால், உதவி ஆசிரியருக்கு அதுவரை படிக்க நேரமிருக்காது. முதல் இரண்டு வரிகளிலேயே செய்தி வந்துவிட வேண்டும். குறிப்பைப் படமாகவோ பழைய எழுத்துருவிலோ அனுப்பாமல் யூனிகோடில் அனுப்புங்கள். மறுபடி தட்டச்சு செய்ய ஆளில்லாமலே ஒதுக்கப்படும் குறிப்புகள் ஏராளம். புகைப்படத்தில் இடமிருந்து வலமாக யார் யார் என்பதையும், இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். பக்கம் முடிக்கும் நேரத்தில்தான் சந்தேகம் வரும்.

கேள்வி (இதழியல் மாணவி): நிருபர் எழுதியதை அச்சேறுமுன் காட்டச் சொல்லலாமா?

பதில்: கூடாது. எண்களையும் பெயர்களையும் மட்டும் சரிபார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி (உணவு நிறுவன ஊழியர்): குற்றச்சாட்டு எழும்போது, முழு உண்மை தெரியும்வரை பேசாமலிருப்பதே பாதுகாப்பு என்கிறார் எங்கள் வழக்கறிஞர். சரிதானா?

பதில்: அவர் நீதிமன்றத்தை நினைத்துச் சொல்கிறார், வாடிக்கையாளர் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. 2015இல் மேகி நூடுல்ஸில் ஈயம் மிகுதியாக இருப்பதாகச் செய்தி பரவியபோது, அதைத் தயாரிக்கும் நெஸ்லே நிறுவனம் தொடக்கத்தில் போதிய அளவு பேசவில்லை என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. ஜூன் 5 அன்று அதன் உலகத் தலைமை அதிகாரியே டெல்லியில் செய்தியாளர்களைச் சந்திக்க வேண்டியதாயிற்று. மேகி விற்பனைக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் நீக்கி மறுபரிசோதனைக்கு உத்தரவிட, நவம்பரில் விற்பனை மீண்டும் தொடங்கியது. ஆயினும், வாங்கி வைத்த பாக்கெட்டைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று ஜூன் மாதத்தில் தவித்த தாய்க்கு ஆகஸ்டுத் தீர்ப்பால் என்ன பயன்? தெரிந்தது எது, தெரியாதது எது, அடுத்து எப்போது பேசுவோம் என்ற மூன்றையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வழக்கறிஞர் அந்த வாசகங்களைத் திருத்தட்டும், நிறுத்திவைக்க வேண்டாம்.

கேள்வி (சிறுதொழில் முனைவோர்): செய்தியாளர் சந்திப்பில் நிருபர்களுக்கு ‘கவர்’ (உறையில் பணம்) கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி?

பதில்: கொடுக்காதீர்கள். காசு கொடுத்துத்தான் இடம் வேண்டுமென்றால், விளம்பரப் பிரிவில் கட்டணம் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (புதிதாகப் பணியில் சேர்ந்தவர்): நிர்வாகம் என்னிடமே எதையும் சொல்வதில்லை. நிருபர் கேட்டுத்தான் எனக்கே தெரிகிறது.

பதில்: இந்த வேலையின் பெரும்பாடு அதுதான், வெளியே பேசுவதைவிட உள்ளே கேட்டறிவதற்கே என் நேரத்தில் பெரும்பகுதி செல்கிறது. துறைத் தலைவர்களின் கூட்டத்தில் உங்களுக்கும் ஓர் இருக்கை வேண்டுமென்று எழுத்து மூலம் கேளுங்கள். அது கிடைக்கும்வரை வரவேற்பு மேசையில் இருப்பவர், காவலாளி, ஓட்டுநர் ஆகியோரிடம் தினமும் பேசுங்கள். புகார் முதலில் அவர்கள் காதில்தான் விழும், மேலதிகாரியின் மேசைக்கு அது வந்துசேரப் பல நாட்கள் ஆகும்.