பெரிய சர்வர் வாங்கினால் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ போய்விடுமா?

கேள்வி: எங்கள் துணிக்கடை இணையதளம் லினக்ஸ் சர்வரில், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் ஓடுகிறது. மாலையில் கூட்டம் ஏறினால் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று லாகில் பிழை விழுகிறது, படங்கள் வருவதில்லை. வரம்புகளை அமைக்கும் லிமிட்ஸ் கான்ஃப் கோப்பில் 65535 என்று மாற்றியும் பயனில்லை. ஓப்பன் ஃபைல் கேச்சின் அளவு 10000. சர்வர் எடுத்துத் தந்தவர் பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?

பதில்: வேண்டாம். ஒரு பைசா செலவழிக்காதீர்கள்.

ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், கோப்பைத் திறந்தாலும், வாடிக்கையாளரின் இணைப்பை ஏற்றாலும் லினக்ஸ் அதற்கு ஓர் எண் தருகிறது. அதுதான் ஃபைல் டிஸ்கிரிப்டர். ஒரு புராசஸுக்கு இத்தனை எண்கள்தான் என்று வரம்பு உண்டு; பெரும்பாலான சர்வர்களில் அது 1024. கேச்சோ, திறந்த கோப்பை மூடாமல் வைத்துக்கொள்கிறது. ஆக, 1024 பெறக்கூடிய புராசஸிடம் 10000 கோப்புகளைப் பிடித்துவைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ராமை இரட்டிப்பாக்கினாலும் அந்த 1024 அப்படியேதான் இருக்கும். இது பிளான் விற்பவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரியவில்லை என்றால் அவரிடம் சர்வரை ஒப்படைத்ததே தவறு.

லிமிட்ஸ் கான்ஃப் மாற்றம் லாகின் செய்து வருபவர்களுக்குத்தான். என்ஜின்எக்ஸ் போல, சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) கிளப்பிவிடும் சேவைகள் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே வரம்புக்கு இத்தனை இடங்களில் அமைப்பு வைத்துக் குழப்பிவிட்டார்கள். என்ஜின்எக்ஸின் சொந்த அமைப்புக் கோப்பில் ‘வொர்க்கர் ஆர்லிமிட் நோஃபைல்’ (worker_rlimit_nofile) என்பதை 8192 என்றும், கேச்சை 2000 என்றும் வைத்து ரீலோடு செய்யுங்கள். பிறகு ஓடும் புராசஸ்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் (/proc) அடைவில், மேற்பார்வை செய்யும் மாஸ்டர் அல்ல, வாடிக்கையாளர்களுக்குப் பதில் அனுப்பும் வொர்க்கர் புராசஸின் லிமிட்ஸ் கோப்பைத் திறந்து புதிய எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காமல் நம்பாதீர்கள்.

‘டியூனிங்’ என்று பில் போட்டு வரம்பைப் பத்து லட்சமாக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏதோ ஒரு நிரல் கோப்புகளை மூட மறந்திருந்தால், அது பிழையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும் வேலை. ஆள் இல்லாத நள்ளிரவிலும் திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தால் குற்றவாளி அந்த நிரல்தான்.

கேச் இருக்கும்போது படத்தை அதே பெயரில் மாற்றுவதில் மட்டும் கவனம் தேவை. பழைய கோப்பின் மேலேயே எழுதினால், என்ஜின்எக்ஸ் பழைய அளவை நினைவில் வைத்துக்கொண்டு புதிய படத்தை அனுப்பும். படம் பாதியில் அறுந்து போகும். சர்வருக்குக் கோப்பு ஏற்றும் பல எஃப்டிபி மென்பொருள்கள் இப்படித்தான் மேலே எழுதுகின்றன. அதனால் முதலில் வேறு பெயரில் அதே டிஸ்க்கில் ஏற்றுங்கள். முழுதாக ஏறியபின் ரீநேம் செய்யுங்கள். அப்போதும் பழைய படம் சிறிது நேரம் தெரியும். கேச் மறுபடி சரிபார்க்கும் இடைவெளி இயல்பாக 60 விநாடி. ஆனால் முழுப் படமாகத் தெரியும். விலை அச்சிட்ட படம் என்றால் அந்த ஒரு நிமிடமும் ஆபத்து. புதிய படத்துக்குப் புதிய பெயரே வைத்துவிடுங்கள்.